மணியக்காரரின் வம்சம்

கறுப்புக் கம்பளிக்குள் புகுந்துகொண்டு, பிறந்து நான்கு நாளான ஆட்டுக்குட்டியின் குளம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பதுதான் செவ்வாய்க்கிழமைகளில் கோகிலவாணியின் வேலை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பளிக்குள் மூச்சு முட்டும். ஒரு கையில் ஊதாவிளக்கு, மறு கையில் திமிறுகிற குட்டி. அன்று சென்னியப்பன் வீட்டு வாசலில் இரண்டு குட்டிகள். முதலாவது அவளுடைய அடையாள அட்டைக் கயிற்றைச் சப்பிக்கொண்டு சமர்த்தாக நின்றது. இரண்டாவது காலை நீட்டிப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

வியர்த்து, தலை கலைந்து, கம்பளியை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது சென்னியப்பனும் அவர் மனைவி ரத்தினாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வெளிச்சமுங்களா, இருட்டுங்களா?" என்றார் சென்னியப்பன்.

ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு என்றாள். சென்னியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. போன ஈற்றில் இரண்டுமே வெளிச்சமாகப் போய், மூன்றாம் மாதம் அரசு ஆட்டு ஆராய்ச்சி நிலையத்து வண்டி வந்து இரண்டையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. வெளிச்சக் குட்டி நிலையத்துக்கு, இருட்டுக் குட்டி வளர்ப்பவருக்கு. அதுதான் ஒப்பந்தம். அதனால் நெட்டிவலசில் ஆடு ஈன்றால் எல்லோரும் இருட்டுக்குத்தான் வேண்டிக்கொள்வார்கள்.

நெட்டிவலசில் பன்னிரண்டு வீடுகளில் படியாடுகள் இருந்தன. நிலையத்துக் காகிதங்களில் அவற்றுக்குக் குளோன் என்று பெயர். ஒரே ஆட்டின் உடல் அணுவிலிருந்து படியெடுத்தவை என்பதால் பன்னிரண்டுக்கும் இடது காதில் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி, ஒரே மாதிரிக் கத்தல். முருங்கைக்கீரையை வைத்தால் பன்னிரண்டுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்த முதல் ஆட்டை உண்டாக்கியது ஆசைக்காக அல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிருமிக்கொல்லி மருந்துகள் ஒவ்வொன்றாகப் பலனிழந்துவிட்டன. கோடையில் தண்ணீர் குறைந்தால் வயிற்றுக் காய்ச்சல் வரும். வந்தால் குழந்தைகள் தாங்குவதில்லை. அப்போதுதான் மனிதத் தாய்ப்பாலில் கிருமிகளைக் கொல்லும் ஒரு புரதத்தின் மரபணுவை எடுத்து ஆட்டின் கருவில் செருகினார்கள். அது வேலை செய்ததா என்று கண்ணால் பார்ப்பதற்காக, பக்கத்திலேயே கடலின் சொறிமீனிலிருந்து எடுத்த ஒளி மரபணுவையும் கோத்துவிட்டார்கள். செருகல் இருக்கும் ஆட்டின் குளம்பும் மூக்கு நுனியும் ஊதாவிளக்கில் பச்சையாகச் சுடர்விடும். அதன் பாலுக்குக் காப்புப்பால் என்று பெயர். நிலையம் அதைச் சேகரித்து, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நாளுக்கு அரை டம்ளர் வீதம் கொடுத்தது. அதற்கு மேல் கொடுக்கப் பால் எட்டவில்லை.

மரபணுக்கள் இணை இணையாக இருக்கின்றன. செருகல் அந்த இணையில் ஒன்றில் மட்டும்தான் உட்கார்ந்திருந்தது. ஆகவே தாயிடமிருந்து குட்டிக்கு அது போகுமா போகாதா என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பது போலத்தான். அந்தப் பூவையும் தலையையும் பார்த்துச் சொல்வதற்காக அரசு ஏழு ஆண்டுகளாகக் கோகிலவாணிக்குச் சம்பளம் கொடுத்துவந்தது. அவள் ஒரு சீட்டையும் தப்பாக எழுதியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

விளக்கை அணைத்துப் பையில் வைக்கப் போனபோது ராசாமணி வந்தாள். ஊர்ப் பால்வாடியில் சமைக்கிறவள். படியாடு எதுவும் வைத்துக்கொள்ளாமல், எட்டு நாட்டு ஆடுகளை வளர்த்து, அவற்றின் பாலைப் பால்வாடிக் கஞ்சியில் ஊற்றுகிறவள். இடுப்பில் ஒரு கருங்குட்டியை இடுக்கிக்கொண்டிருந்தாள். தன் குட்டி விளக்கில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அவளுக்கு நெடுநாள் ஆசையாம். நாட்டு ஆட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்று கோகிலவாணி சொல்லியும் விடவில்லை. சரி, ஒரு நிமிடம்தானே என்று அவளையும் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டு விளக்கைப் போட்டாள்.

நான்கு குளம்புகளும் பச்சையாகச் சுடர்விட்டன.

"அழகா இருக்குதுங்க அம்மிணி," என்றாள் ராசாமணி மகிழ்ச்சியாக.

கோகிலவாணி குட்டியை இழுத்து நெருக்கிப் பிடித்தாள். விளக்கை அணைத்தாள், மறுபடி போட்டாள். சுடர் அப்படியே இருந்தது. நிலையத்தின் பதிவேட்டில் இல்லாத ஓர் ஆட்டில் செருகல் இருந்தால் அதற்குக் கசிவு என்று பெயர். கசிவைக் கண்டால் ஏழு நாளுக்குள் அதன் வேரைக் கண்டுபிடித்து, செருகல் உள்ள ஒவ்வோர் ஆட்டையும் நிலையத்துக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். அங்கே போன ஆடுகள் திரும்பி வருவதில்லை. அவள் படித்த விதி இது. இதுவரை பயன்படுத்தியதில்லை.

குட்டியின் தகப்பன் யார் என்று கேட்டாள். ராசாமணிக்குச் சிரிப்பு வந்தது.

"இந்த ஊர்ல வேற யாரு? மணியக்காரர்தானுங்க."

மணியக்காரர் என்பது மாரியம்மன் கோயில் கிடாயின் பெயர். நேர்ந்து விட்ட கிடாய். கட்டிப்போடுவார் கிடையாது. காலையில் டீக்கடை வாசலில் பன் வாங்கித் தின்றுவிட்டு, வீடு வீடாக நின்று விசாரிப்பது போல எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். யாரும் அதட்ட மாட்டார்கள். பழைய காலத்து ஊர் அதிகாரியைப் போன்ற அந்த நடையைப் பார்த்துத்தான் ஊரார் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். படியாடுகளுக்கு நிலையத்து ஊசி மூலம்தான் சினை. மற்ற ஆடுகளுக்கெல்லாம் மணியக்காரர்தான்.

கோயிலுக்குப் பின்னால் அதைப் பிடித்து, கம்பளியைப் போர்த்தி விளக்கடித்தார்கள். இருட்டு. குளம்பிலும் மூக்கிலும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கோகிலவாணிக்குக் குழப்பம் இன்னும் கூடியது. தாய் நாட்டு ஆடு, தகப்பன் இருட்டு, குட்டி மட்டும் வெளிச்சம் என்றால் எங்கிருந்து வந்தது? நிலையத்துக்கு ஆள் அனுப்பி மரபணு வாசிப்பானை வரவழைத்தாள். சுடர்க்குட்டிகளை உறுதிசெய்ய மட்டுமே வெளியே எடுக்கிற கருவி அது. இருட்டுக் குட்டிகளுக்கு யாரும் அதை வீணாக்குவதில்லை. மணியக்காரரின் காதிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து வைத்தாள். பத்து நிமிடத்தில் விடை வந்தது. செருகல் முழுதாக இருந்தது. ஒளி மரபணு மட்டும் ஊமையாகிவிட்டிருந்தது. அந்த உடம்பு அதைப் பூட்டிவைத்திருக்கிறது. ஆனால் பூட்டியதை அப்படியே குட்டிகளுக்குக் கொடுத்திருக்கிறது. சில குட்டிகளில் பூட்டு திறந்துகொண்டது.

கிடாய்க் காதின் பழைய வில்லையில் எண் இருந்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். ஆறு ஆண்டுகளுக்கு முன் சென்னியப்பன் வீட்டுப் படியாடு ஈன்ற குட்டி. 'ஒளிராதது' என்று எழுதி வளர்ப்பவருக்கு ஒப்படைத்திருந்தார்கள். கீழே கையெழுத்து அவளுடையது.

கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். மணியக்காரர் பக்கத்தில் வந்து நின்று, அவள் பையில் தின்ன ஏதாவது இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தது.

அடுத்த மூன்று நாளும் ஊர் முழுக்க ஆடுகளுக்கு இரத்தம் எடுத்தாள். படியாடுகளையும் மணியக்காரரையும் சேர்க்காமல் மொத்தம் நூற்றைம்பத்திரண்டு. நாற்பத்து மூன்றில் செருகல் இருந்தது. அதில் பதின்மூன்று, தகப்பனைப் போலவே இருட்டில் ஒளித்துவைத்திருந்தன. முதலில் ஊராருக்கு இது வேடிக்கையாக இருந்தது. தங்கள் ஆட்டின் மூக்கு பச்சையாக மின்னுவதைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். சட்டத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று அவள் சொன்ன பிறகு வரிசை அமைதியாகிவிட்டது.

நான்காம் நாள் கிராமச் செவிலி செல்வமலரைப் பார்க்கப் போனாள். இந்த ஆடுகளின் பாலைக் குடித்து யாருக்காவது கெடுதல் நேர்ந்திருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். நேர்ந்திருந்தால் அதற்குத் தன் கையெழுத்தும் ஒரு காரணம் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. செல்வமலர் நோயேட்டைப் புரட்டினாள். பக்கத்து ஊர்களிலெல்லாம் இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் கோடைக்குக் கோடை வயிற்றுக் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். மூன்று ஊர்களில் இறப்பும் இருந்தது. நெட்டிவலசில் நான்கு கோடையாக ஒருவருக்குமே இல்லை.

"நான் தண்ணித் தொட்டி ஆபரேட்டரைத்தான் பாராட்டிட்டு இருந்தேன்," என்றாள் செல்வமலர். "குடியரசு தின விழாவுல அவருக்குப் பொன்னாடைகூடப் போத்தினோம்."

கோகிலவாணி சிரித்தாள். சிரித்து முடிக்கும் முன் கண் கலங்கியது. பால்வாடியில் ராசாமணி ஊற்றிய கஞ்சி, வீடுகளில் போட்ட டீ, பிள்ளைகள் வாசலில் நின்று மடியிலிருந்தே பீச்சிக் குடித்த பால், எல்லாமே காப்புப்பால். யாருக்கும் தெரியாமல் ஒரு ஊரே அதைக் குடித்து வளர்ந்திருக்கிறது.

அன்று மாலை பால்வாடியில் கூடினார்கள். சென்னியப்பன் மிகவும் நொந்துபோயிருந்தார். கிடாயை அம்மனுக்கு நேர்ந்து விட்டது அவர்தான். கிணற்றில் தண்ணீர் கிடைத்ததற்காக விட்டாராம். பார்த்த இரத்தத்தையெல்லாம் பார்க்காததாக நினைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். வாசிப்பானில் இருப்பதை அழித்துவிட்டால் யாருக்கு என்ன தெரியப் போகிறது? நான்கைந்து பேர் ஆமாம் என்றார்கள். கோகிலவாணியும் இல்லை என்று உடனே சொல்லவில்லை. அழிக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நான்கு நாளில் பலமுறை அதைப் பார்த்திருந்தாள்.

ராசாமணிதான் பேசினாள்.

"எழுதுங்க அம்மிணி. மறைச்சுப்போட்டா அது திருட்டு ஆடாயிரும். நாளைக்கு என்ற ஆட்ட நானே ஒளிச்சு ஒளிச்சு மேய்க்கோணும். அது என்ன பொழப்பு? உள்ளத உள்ளபடிக்கு எழுதுங்க. புள்ளைங்க நல்லா இருக்கறதையும் சேத்தி எழுதுங்க."

கோகிலவாணி எழுதினாள். நாற்பத்து மூன்று எண்களையும் எழுதி, செல்வமலரின் நோயேட்டையும் சேர்த்து அனுப்பினாள். பிறகு தன் கையெழுத்துப் போட்ட அந்தப் பழைய ஒப்படைப்புச் சீட்டை, தன் தவறு எங்கே என்று பார்ப்பதற்காக, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். ஏழு ஆண்டுகளில் ஆயிரம் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டிருப்பாள். முழுதாகப் படித்தது அன்றைக்குத்தான்.

ஏழாம் நாள் மண்டல அலுவலர் தில்லைநாயகம் வந்தார். பின்னால் கம்பி அடைத்த இரண்டு வண்டிகள். நல்ல மனிதர். ஆனால் விதி என்று வந்துவிட்டால் இடம் வலம் பார்க்க மாட்டார். கோயில் திடலில் ஊரே ஆடுகளோடு நின்றது. ஒருவரும் ஒளித்துவைக்கவில்லை. நாற்பத்து மூன்றையும் ஓட்டிவந்து வாகை மர நிழலில் கட்டியிருந்தார்கள். பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மணியக்காரர் மட்டும் கட்டில்லாமல் வண்டிச் சக்கரத்தை உரசிக்கொண்டு நின்றது.

கோகிலவாணி சீட்டை நீட்டினாள்.

"சார், இத ஒருதரம் படிங்க."

தில்லைநாயகம் படித்தார். 'ஊதாவிளக்கில் ஒளிராத இக்குட்டியும் இதன் வம்சமும் வளர்ப்பவருக்கே உரியவை. இவற்றின் மீது நிலையத்துக்கு எக்காலத்திலும் உரிமையோ கட்டுப்பாடோ இல்லை' என்று இருந்தது. அதில் புதிதாக என்ன என்று கேட்டார்.

கசிவு விதி நிலையத்துக்கு உரிய விலங்குகளைப் பற்றித்தான் பேசுகிறது என்று அவள் சொன்னாள். எது நிலையத்துக்கு உரியது என்பதை நிலையமே விளக்கை வைத்துத்தான் பிரித்தது. ஒளியும் செருகலும் ஒன்றாகவே போகும் என்று நம்பி எழுதிய சீட்டு இது. இந்தக் கிடாய் ஒளிரவில்லை. ஆகவே கிடாய் ஊருடையது. அதன் வம்சமும் ஊருடையது. அதற்குள் என்ன மரபணு இருந்தாலும் சரி.

"இது வார்த்தைய வச்சு வழக்காடறது," என்றார் தில்லைநாயகம். "ஆபத்துனு ஒண்ணு இருக்கேம்மா. அந்த விதிய எழுதினவங்க பயந்துதானே எழுதினாங்க?"

"ஆபத்து இருக்கலாம் சார். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நாலு வருசமா ஒரு ஊரே இதக் குடிச்சிருக்கு. நல்லதா கெட்டதான்னு பாக்கணும்னா இந்த ஆடுங்க உயிரோட இருக்கணும். கொன்னுட்டா அப்புறம் எதப் பாக்கறது?"

தில்லைநாயகம் மர நிழலுக்கு நடந்தார். ஆடுகளைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். சீட்டைத் திருப்பி, அச்சிட்ட எண்ணைப் பார்த்தார். அந்த வாசகத்தை எழுதிய குழுவில் அவரும் இருந்தார் என்பது கோகிலவாணிக்குப் பிறகுதான் தெரிந்தது. திடலின் ஓரமாகப் போய் நின்று தலைமையிடத்தோடு ஒரு மணி நேரம் பேசினார். வெயில் ஏறியது. ரத்தினா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். வண்டி ஓட்டிகளுக்கும் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது அவர் குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இரண்டு ஆண்டு கண்காணிப்பு. ஓர் ஆடும் ஊரைவிட்டுப் போகக் கூடாது. மாதம் தவறாமல் பால், இரத்தம், பிள்ளைகளின் எடை எல்லாம் பதிய வேண்டும். பார்வையாளர் ஊரிலேயே தங்க வேண்டும். யார் தங்குவது என்று கேட்டுவிட்டு அவளையே பார்த்தார். கம்பி வண்டிகள் காலியாகத் திரும்பின. மணியக்காரர் ஊர் எல்லைவரை பின்னாலேயே போய், வழியனுப்பிவிட்டு வந்தது.

இரண்டு கோடைகள் வந்து போயின. கோகிலவாணி பால்வாடிக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தாள். பிள்ளைகளை நிறுத்து நிறுத்து, எந்தப் பிள்ளை எத்தனை கிலோ என்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. கெடுதல் ஒன்றும் தென்படவில்லை. வயிற்றுக் காய்ச்சலும் வரவில்லை. படியாடுகளின் பாலில் உள்ள அதே புரதம் அதே அளவில் மணியக்காரரின் பேத்திகளின் பாலிலும் இருந்தது. மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் உத்தரவு வந்தது. வம்சம் வளர்ப்பவர்களுடையதே, விரும்பியவர்களுக்குக் கொடுக்கலாம். ஒவ்வோர் ஆடும் எங்கே போகிறது, ஏன் போகிறது என்பதை மட்டும் பதிய வேண்டும்.

முதலில் போனது ராசாமணி மகள் மரகதத்தோடு. பிரசவத்துக்கு வந்திருந்தவள், ஐந்தாம் மாதம் குழந்தையோடு கரூர்ப் பக்கம் புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாள். கூடவே ஒரு சினை ஆடு. பதிவேட்டில் 'அனுப்பும் காரணம்' என்ற இடத்தில் இனப்பெருக்கம், ஆராய்ச்சி, பரிமாற்றம், பிற என்று நான்குதான் இருந்தன. கோகிலவாணி 'பிற' என்பதை வட்டமிட்டு, 'சீர்' என்று எழுதினாள். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வளைகாப்புக்கு ஒன்று, பேறுகாலம் முடிந்து போகும்போது ஒன்று, காதுகுத்துக்குத் தாய்மாமன் கொண்டுபோவது ஒன்று. நெட்டிவலசில் பெண் எடுத்த வீடுகளில் மூக்கு மின்னும் ஆடுகள் நிற்கத் தொடங்கின.

அந்த ஆண்டு இறுதியில் தில்லைநாயகம் ஒரு வரைபடத்தோடு வந்தார். பரவலை ஆராய்கிற குழு திணறுகிறதாம். மரபணு ஓர் ஊரிலிருந்து வெளியே போனால், தாளில் விழுந்த மைத்துளி போலச் சுற்றிலும் பரவும் என்று கணித்திருந்தார்கள். இது அப்படிப் பரவவில்லை. நெட்டிவலசிலிருந்து கரூருக்கு ஒரு கோடு, பழனிக்கு ஒரு கோடு, இராமநாதபுரம் வரைகூட ஒரு கோடு. ஆனால் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிற காரைவலசில் ஒரு புள்ளிகூட இல்லை. சாலையா, மேய்ச்சலா, மழையா என்று எதை வைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது என்றார்.

கோகிலவாணி வரைபடத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இதெல்லாம் பொண்ணு குடுத்த ஊருங்க சார்."

அவர் கோடுகளை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தார்.

"அப்ப காரைவலசு?"

"அது பங்காளி ஊருங்க சார். ரெண்டு ஊரும் ஒரே கூட்டம், அண்ணன் தம்பி முறை. அங்க பொண்ணு குடுக்க மாட்டாங்க, எடுக்கவும் மாட்டாங்க."

தில்லைநாயகம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். கேட்டது அலுவலர் போலில்லை.

கோகிலவாணி பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். அன்று காலைதான் ராசாமணி இரண்டு ஆடுகளைக் காரைவலசுக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தாள். அங்கே போன கோடையில் ஒரு பிள்ளை பிழைத்ததே பெரும்பாடாக இருந்ததாம். சீர் என்று எழுத முடியாது, அது முறையாகாது. பரிமாற்றம் என்றால் அவர்கள் எதையும் திருப்பித் தரவில்லை. அப்படியானால் காரணம் என்று எதை எழுதுவது என்று கோகிலவாணி கேட்டபோது, ராசாமணி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே படியிறங்கிவிட்டாள். பாதி வாசலில் நின்று திரும்பி, பங்காளிக்குக் கொடுக்கக் காரணம் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தில்லைநாயகம் குனிந்து படித்தார். அரசாங்கப் பதிவேட்டின் அந்த இடத்தில், கோகிலவாணியின் திருத்தமான கையெழுத்தில், 'சும்மா' என்று எழுதியிருந்தது. அவர் பேனாவை எடுத்து, அடியில் தன் ஒப்புதல் கையெழுத்தைப் போட்டார்.